நிவாரணம் போதும், நீரைத் தா!

12,500 ரூபாய்! ஓர் ஆறு பாழானதற்கு, அந்த ஆற்றை நம்பியிருந்த ஒரு குடும்பத்துக்கு வைக்கப்பட்ட விலை இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது, மணலியிலிருந்து வெள்ளத்தோடு வெள்ளமாக எண்ணெய் புறப்பட்டது. பக்கிங்காம் கால்வாயில் இறங்கிற்று. கொற்றலை ஆற்றில் கலந்தது. எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிற்று. படகில் படிந்தது, வலையில் படிந்தது, குடியிருப்புச் சுவரில் ஏறிற்று, அலையாத்தி மரங்களின் வேரைக் கவ்விற்று. சென்னைப் பெட்ரோலிய நிறுவனத்தின் வளாகத்திலிருந்தே அது வெளியேறிற்று என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. அள்ளியவர் யார்? வாளியும் குவளையும் ஏந்தி மீனவரே அள்ளினர்! ஆலையிலிருந்து வந்த நஞ்சை, ஆலைக்குள் ஒருநாளும் வேலை கிடைக்காதவன் வெறுங்கையால் அள்ளினான். பின்னர் அரசு கணக்குப் போட்டது: பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், பழுதான படகுக்கு 10,000 ரூபாய்.

அந்தப் பணத்தை நாம் இகழவில்லை. உலை வைக்க வழியற்ற வீட்டில் அது பல நாள் அரிசி. கொடுத்ததைக் குற்றம் என்று கூறும் அளவுக்கு நாம் இரக்கமற்றவரல்லர். கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கருதும் போக்கைத்தான் கண்டிக்கிறோம். பட்டுவாடா முடிந்ததும் கோப்பு மூடப்படுகிறது; ஆறு மட்டும் திறந்தே கிடக்கிறது, அடுத்த கழிவுக்காக!

புளியந்தோப்பில் வாழும் உங்களுக்கு இதிலென்ன அக்கறை என்று கேட்கும் நண்பர் உண்டு. நமக்கு வலை வீசத் தெரியாது. வலையில் விழுந்ததைக் குழம்பாக்கத் தெரியும். அந்த உறவு போதாதா? காசிமேட்டில் விடியுமுன் ஏலம் முடிந்து, மீன்பாடி வண்டியிலும் ஆட்டோவிலும் அன்னக்கூடைகள் இங்கே வந்து சேருகின்றன. சந்து முனையில் கூறு கட்டி வைக்கப்படும் நெத்திலியும் காரப்பொடியும் கவலையுந்தான் இப்பகுதித் தொழிலாளி வீட்டுப் புலால். வஞ்சிரம் எப்போதோ வரும் விருந்தாளி. வவ்வால் வழிதவறி வந்த பெரிய மனிதர். கவலைதான் நம் வீட்டுப் பிள்ளை. பெயர்தான் கவலை, வயிற்றின் கவலையைத் தீர்ப்பது அது! காசில்லாத மாதக் கடைசியில் கருவாடும் சென்னாகூனியும் வந்து மானத்தைக் காக்கும்.

சத்துணவைப் பற்றிப் பேசும் சான்றோர் பாதாமையும் பாலாடையையும் காட்டுகின்றனர். வாங்குபவன் எவன் என்று கூறுவதில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச்சோகை உடையவர். முள்ளோடும் தலையோடும் மென்று தின்னும் சிறுமீனில் இரும்புச் சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு, வைட்டமின் ஏ உண்டு. நோய்க்கு மருந்து நம் கடலிலே துள்ளிக்கொண்டிருக்கிறது. ஆனால் புலால் உண்பது தாழ்ந்தோர் வழக்கம் என்று ஒரு கூட்டம் காலங்காலமாக ஓதிய பாடம், இன்னும் பல பெரிய இடங்களில் காதிலே ரீங்காரமிடுகிறது. 1920இல், நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுத்தது. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டு சென்றார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 1989இல் முட்டை வந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. நூறாண்டு வரலாறு! பெருமைக்குரிய வரலாறுதான். எனினும் ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரை உடைய நாட்டில், பள்ளிப் பிள்ளையின் தட்டில் ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டுப் பொடி ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? முட்டைக்குத் திறந்த கதவு மீனுக்கு ஏன் திறக்கவில்லை?

மீன் போகும் இடம் வேறு. 2023-24இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல்சார் பொருள் 17.8 லட்சம் டன். வருவாய் 60,523 கோடி ரூபாய் என்று மார்தட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு உறைய வைத்த இறால். அதிலும் பெரும்பகுதி கரையோரப் பண்ணைக் குட்டையில் தீனி போட்டு வளர்த்தது. இழுவலையில் சிக்கும் சிறுமீனும் குஞ்சுமீனும் 'கழிவு' என்று பெயர் சூட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகின்றன. ஏழை தின்னக்கூடிய மீன், பணக்காரன் தின்னும் இறாலுக்கு இரையாகிறது. இதற்குப் பெயர் நீலப் புரட்சி!

இந்நிலைக்குக் காரணம் கேட்டால் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. மீனவன் குடித்து அழிகிறான் என்பது ஒன்று. இதைச் சொல்பவர் எல்லாரும் மாலையில் மோர் அருந்துபவர் போலும்! கடலன்னையின் சினம், தலையெழுத்து என்பது மற்றொன்று. முன்னது வசை, பின்னது வஞ்சகம். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் எழுதிய 'செம்மீன்' புதினத்தில் ஒரு நம்பிக்கை வரும். கடல்மேல் சென்றவனின் உயிரைக் கரையில் இருப்பவளின் கற்பு காக்குமாம். அவள் தவறினால் கடல் அவனைக் கொள்ளுமாம்! நாடே அதைப் படித்து உருகிற்று. படமாகப் பார்த்தும் உருகிற்று. நாம் உருகவில்லை, கேட்கிறோம்: 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர்கள் மாண்டார்களே, அத்தனை மனைவியரும் தவறியா மாண்டார்கள்? ஆழ்கடலில் இருந்தவனுக்குச் செய்தி எட்டவில்லை. எட்டச் செய்யும் கருவி அவன் படகில் இல்லை. கற்பைப் பற்றிக் கதை கட்டியவன், கம்பியில்லாத் தந்தியைப் பற்றி வாய் திறக்கவில்லை. படகில் பெண் ஏறினால் தீட்டு, வலையைப் பெண் தாண்டினால் தீட்டு என்கிறார்கள். ஆனால் அந்த வலையில் விழுந்த மீனைச் சுமந்து விற்று அரிசி வாங்கி வருபவள் அவளே! அப்போது தீட்டு எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

இந்த மூடத்தனத்தின் வேரைக் கண்டவர் மீனவக் குடியிலேயே தோன்றினார். 1860இல் சென்னையில் பிறந்த சிங்காரவேலர், 1923இல் இந்நாட்டின் முதல் மே நாளைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியவர். பின்னர் 'குடிஅரசு' ஏட்டில் அறிவியலையும் பகுத்தறிவையும் பாமரனுக்கும் புரிய எழுதியவர். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இன்று அவர் பெயர். சிங்காரவேலர் மாளிகை! அந்த மாளிகைப் படியில்தான் எண்ணூர் மீனவன் மனுவோடு நிற்கிறான். “ஆற்றில் மீன் இல்லை, ஐயா” என்கிறான். “மனுவைக் கொடுத்துவிட்டுப் போ” என்கிறார்கள். மனுவுக்குப் பஞ்சமில்லை, மீனுக்குத்தான் பஞ்சம்.

அந்தப் பஞ்சம் விதியால் வந்ததல்ல, திட்டத்தால் வந்தது. திட்டமிட்டவர் பெயரும் ஆண்டும் ஏட்டில் உள்ளன. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பார்ப்போம். 1876 வாக்கில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். நம் கரையில் கடல் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் வழிமறித்தது, மணல் தெற்கே தேங்கிற்று. அந்த மணல்தான் மெரினா! ஆளுநர் கிராண்ட் டஃப் அதற்கு அழகிய பெயரிட்டு உலாவுச் சாலை அமைத்தார். வடக்கே? வரவேண்டிய மணல் வராததால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. குப்பங்கள் பின்வாங்கின, கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி போயிற்று, கருங்கற்களைக் கொட்டி வேலி போட்டார்கள். தென்சென்னை காற்று வாங்குகிறது, வடசென்னை கல்லில் நிற்கிறது. இரண்டையும் செய்தது ஒரே சுவர். கடலன்னைக்கு இதில் பங்கில்லை.

கடல் இவ்வாறாக, ஆறு என்ன ஆயிற்று? கொற்றலை என்று வழங்கிய பெயர் 'கொசஸ்தலை' என்று ஏடேறிற்று. பெயரைக் கெடுத்தார்கள் முதலில். நீரைக் கெடுத்தார்கள் பிறகு. இது கடலோடு கைகோக்கும் கழிமுகம் இறாலுக்குத் தொட்டில். உப்பும் நன்னீரும் கலக்கும் அச்சேற்றில் இறாலும் நண்டும் மடவையும் வளர்ந்தன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களின் அடுப்பு அதனால் எரிந்தது. பெரிய படகு வேண்டாம், பெரிய கடன் வேண்டாம். இருளர் மக்கள் வலைகூட இல்லாமல், நீரில் அமர்ந்து கையால் துழாவி இறால் பிடித்தார்கள். முதலீடே இல்லாத தொழில். உலகத்தில் எந்த வங்கி இதற்கு ஈடு செய்யும்?

அந்தத் தொட்டிலில் சாம்பலைக் கொட்டினார்கள். வடசென்னை அனல் மின் நிலையம் 1990களில் இயங்கத் தொடங்கிற்று. எரித்த நிலக்கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே சேப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய் துருப்பிடித்தது, வெடித்தது, ஒழுகிற்று, ஆண்டுக்கணக்காக ஒழுகிற்று. ஆளை ஆழ்த்திய ஆற்றில் முழங்காலளவு நீர், அடியிலே சாம்பல் மெத்தை! 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தின் பொறுப்பை எடுத்துரைத்து ஆற்றைச் சீரமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஏழை மின்கட்டணம் ஒருமாதம் தவறினால் இணைப்பைத் துண்டிக்கும் வாரியம், தன் குழாயின் ஓட்டையை அடைக்க எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது!

“மின்சாரம் வேண்டாமா? உங்கள் படிப்பகத்திலும் விளக்கு எரிகிறதே” என்று கேட்பர். வேண்டும். விளக்கு எரிய நிலக்கரி எரிகிறது. குழாய் ஒழுகினால்தான் விளக்கு எரியும் என்று எந்தப் பொறியியல் நூல் கூறுகிறது? செலவை மிச்சம் பிடித்தவர் ஒருவர், அந்தச் செலவைத் தன் உடலால் கட்டியவர் மற்றொருவர். அதைத்தான் சொல்லுகிறோம். 2017இல் டி.எம். கிருஷ்ணா இவ்வாற்றங்கரையில் நின்று 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பாடினார். கச்சேரி மேடையின் மேட்டிமையைக் கண்டித்துப் பழகியவர் நாம். எனினும், அந்த மேடையிலிருந்து இறங்கிச் சாம்பல் சேற்றுக்கு ஒரு பாடகர் வந்ததைப் பாராட்டத் தயங்கவில்லை. புறம்போக்கு என்றால் எவனுக்கும் பயனற்றது என்று பொருள் கொண்டார்கள். எல்லாருக்கும் உரியது என்பதே அதன் பொருள்.

சாம்பலுக்குப் பின் துறைமுகங்கள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அதற்குக் காமராசர் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போட்டவர் பெயர், மீனவப் பிள்ளையின் சோற்றுக் கடலை மறித்த இடத்துக்கு! கப்பல் செல்லும் தடத்தில் வலை விரிக்க முடியாது. 2017 ஜனவரி 28 அன்று அத்துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதின. பாதிப்பில்லை என்றார்கள் முதலில். பிறகு எண்ணூரிலிருந்து தெற்கே நெடுந்தொலைவு கரையெல்லாம் தார்க்குழம்பு. அன்றும் வாளிதான்! கப்பலை நிலாவுக்கு அனுப்பும் நாட்டில், கடலில் சிந்திய எண்ணெயை எடுக்கத் தொண்டர் கையும் பிளாஸ்டிக் வாளியும். ஆறாண்டு கழித்து மிக்ஜாமிலும் அதே வாளி. இடைக்காலத்தில் ஓர் உறிஞ்சு பொறிகூடவா வாங்க முடியவில்லை?

துறைமுகங்களோடு ஒரு விருந்தாளியும் வந்திருக்கிறது. தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒருவகைச் சிப்பி. கப்பலின் நிலைநீரோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். மீனவர் அதற்கிட்ட பெயர் 'காக்கா ஆழி'. கரிய கம்பளம் விரித்தாற்போல் ஆற்றின் அடியெல்லாம் பரவி, நம் நாட்டு மட்டியையும் இறால் மேயும் சேற்றையும் மூடிவிட்டது. கையால் துழாவுபவர் விரலை அறுக்கிறது. எண்ணூரைத் தாண்டிப் பழவேற்காட்டையும் நெருங்கிற்று. அறிவியலார் அதற்கு நீண்ட இலத்தீன் பெயர் வைத்துள்ளனர். முதலில் கண்டு எச்சரித்தவன் பள்ளி இறுதி தாண்டாத மீனவன். அவன் சொல்லை அன்றே கேட்டிருந்தால்!

ஆறு இவ்வாறு கையைவிட்டுப் போக, கடலுக்குச் செல்பவன் அங்கே காண்பது என்ன? 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஒப்பந்தம் செய்து கேரளக் கரையில் இயந்திரப் படகுத் திட்டத்தைத் தொடங்கின. நோக்கம் நல்லது, ஏழை மீனவன் உயர வேண்டும், ஏழை நாடு மீன் உண்ண வேண்டும். 1960களில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் நோக்கம் தலைகீழாயிற்று. அரசு மானியம் இழுவலை விசைப்படகுக்குப் போயிற்று. கடல் செல்லாத முதலாளியும் படகு வாங்கினான். இழுவலை கடலடியைச் சீப்புப் போட்டு வாருவது; குஞ்சையும் முட்டையையும் கூட விடாது. 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கரையிலேயே கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் மோதல் மூண்டது. அதன் பின்னரே 1983இல் தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது: கரையிலிருந்து 3 கடல் மைல் வரை சிறு மீனவனுக்கு, விசைப்படகு அதற்கு அப்பால். ஏட்டிலே அழகான கோடு! கடலில் கோட்டைக் காக்க எத்தனை ரோந்துப் படகு? சுருக்குமடி வலையை 2000இல் தமிழகம் தடுத்தது; 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் என்று கட்டுப்பாட்டுடன் வாசலைச் சற்றுத் திறந்துவிட்டது.

காசிமேட்டு விசைப்படகில் கூலிப் பங்குக்கு வலை இழுப்பவனை நாம் பகைவனாகக் கருதவில்லை. அவனும் நேற்றைய கட்டுமரக்காரன். வாழ வழியில்லாமல் ஏறினான். பகை, சட்டத்தை எழுதிவிட்டுக் காவலை மறந்தவரோடு. ஆண்டுதோறும் இதற்கு ஒரு தேர்வு நடக்கிறது. 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் சென்னைக்கு மீன் தருவது யார்? வெளியூர் லாரி ஒன்று. மற்றது நம் கரையின் கண்ணாடியிழைப் படகும் கட்டுமரமும். அள்ளிவரும் மீன் அளவில் குறைவு. ஆனால் பனிக்கட்டியில் வாரக்கணக்கில் கிடக்காத மீன், காலையில் பிடித்து மதியம் குழம்பாகும் மீன். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் பேசுகிறது: உலகில் பிடிக்கப்படும் மீனில் குறைந்தது நூற்றுக்கு 40 பங்கு சிறு மீனவர் பிடிப்பது, மீன்பிடித் தொழிலில் உள்ளவரில் நூற்றுக்கு 90 பேர் அவர்களே, அத்துறையில் உழைக்கும் பத்துப் பேரில் நால்வர் பெண்கள்.

அந்த நால்வரைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவரை, நாற்றம் அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நாட்டின் முதலமைச்சரே கண்டித்தார். பணியாளர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நடவடிக்கை சரி. ஆனால் அந்த 'நாற்றம்' என்ற சொல் எங்கே பிறந்தது? சாக்கடை நாறுகிறது, அதை எவனும் பேருந்திலிருந்து இறக்குவதில்லை. தீண்டாமைக்கு முதுகில் அடித்தால் மூக்கு வழியாக வெளிவரும் போலும்! 2023 ஏப்ரலில் சென்னை நொச்சிக்குப்பத்தில், நீதிமன்றம் தாமாக எடுத்த வழக்கையொட்டி, சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றிற்று. போக்குவரத்துக்கு இடையூறாம். அந்தச் சாலையே மீனவர் மணலில் போடப்பட்டது என்பதை யாரும் நினைவூட்டவில்லை. மீனவப் பெண்கள்தாம் சாலையில் அமர்ந்து நினைவூட்டினார்கள். பின்னர் 2024இல் அங்கே அங்காடி கட்டித் திறந்தார்கள். நன்று. போராடிய இடத்தில் கூரை வந்தது. நம் சந்து முனையில் அன்னக்கூடையைச் செங்கல் மேல் நிறுத்தி, தலைக்கு மேல் சாக்கைக் கட்டி அமர்ந்திருப்பவளுக்கு எப்போது வரும்? 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், விற்கும் இடத்தை முடிவு செய்ய நகர வணிகக் குழு வேண்டும், அதிலுள்ள வணிகர் பேராளர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்கிறது. ஒரு குழாய், ஒரு கூரை, ஒரு பனிக்கட்டிப் பெட்டி: இவை கிடைத்தால் மாலையில் அழுகிப்போகும் மீன் மறுநாள் காசாகும், நமக்கும் விலை தணியும்.

விலையைப் பற்றிப் பேசினால் கடனைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. வலை வாங்க வணிகர் முன்பணம் தருகிறார். அன்றிலிருந்து மீன் அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே. படகு மீனவனுடையது, கடல் பொது, மீன் மட்டும் வட்டிக்காரனுடையது! இதை உடைக்க மந்திரம் தேவையில்லை. கேரளத்து மரியநாட்டு மீனவர்கள் 1960களில் தம் கரையிலேயே சங்கம் கண்டு, தாமே ஏலம் விட்டு, அன்றன்றைய விற்பனையிலேயே சிறு தொகையைக் கடனுக்கும் சேமிப்புக்கும் பிடித்தார்கள். அந்த வழி வளர்ந்து, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாகிக் குமரிக் கரைக்கும் வந்தது. ஜப்பான் 1949இல் சட்டமியற்றிக் கரையோரக் கடலின் மீன்பிடி உரிமையையே மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒப்படைத்தது. கடன் கொடுப்பது வேறு, கடலைக் கொடுப்பது வேறு! காசிமேட்டிலும் எண்ணூரிலும் கூட்டுறவு என்பது நிவாரணப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகமாக மட்டும் இருந்தால் போதுமா? ஏலக் களத்தில் அதன் குரல் ஒலிக்க வேண்டாமா?

உரிமை கேட்கும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது; சொன்னால் சில நண்பர்கள் முகம் சுளிப்பர். பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பாடுள்ள நீர்ப்பகுதியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வது. ஒருவன் அள்ள மற்றவன் பட்டினி கிடக்காதிருக்கச் செய்த ஏற்பாடு. அறிவான ஏற்பாடுதான். ஆனால் அந்த முறையில் இடம் குறிப்பிட்ட குப்பத்துப் பட்டினவருக்கே. ஆதிதிராவிடர்க்கும் இருளருக்கும் அந்நீர் மூடிய நீர். துறைமுக முதலாளி “என் நீர், நீ வராதே” என்றால் கொதிக்கிறோம். சாதியின் பேரால் அதே சொல்லைச் சொன்னால் இனிக்குமா? புளியந்தோப்புக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் ஓங்கி வந்த நேரத்தில், தொழிலாளர் சாதியால் பிளந்தனர், ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது, ஆலை முதலாளி வென்றான். குடிசை எரிந்த இடத்தில் நின்று சொல்கிறோம், பாடு எல்லாருக்கும் திறக்கட்டும். இருளர் பெண் துழாவும் சேற்றுக்கும் பட்டினவர் விரிக்கும் வலைக்கும் சாம்பல் ஒன்றே.

சிறு மீனவர் உரிமைக்கு உலக அளவில் ஓர் ஆவணம் இருக்கிறது. உணவுக்கும் வறுமை ஒழிப்புக்குமான வழியாகச் சிறு மீன்பிடிப்பைக் காக்கும் நெறிமுறைகள், 2014 ஜூனில் உரோமில் நாடுகளால் ஏற்கப்பட்டன. நிலத்திலும் நீரிலும் மீனவருக்கு உள்ள உரிமை, பெண்களுக்குச் சம இடம், திட்டம் தீட்டுமுன் அம்மக்களைக் கேட்பது ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது. அதன் ஆக்கத்துக்கு உழைத்தவர்களுள் சென்னையிலிருந்து பணியாற்றிய சந்திரிகா சர்மா ஒருவர். அவ்வாண்டு மார்ச் 8 அன்று மறைந்த மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அந்நெறிமுறைகள் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டன. சென்னையின் உழைப்பு உரோமில் ஏடாயிற்று. ஏடு எண்ணூருக்குத் திரும்பி வரவில்லை. காரணம், அது விரும்பினால் கடைப்பிடிக்கும் நெறிமுறை. விரும்ப வைப்பது நம் வேலை.

வேலை அருகிலேயே காத்திருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கிற்று. சுமார் 330 ஏக்கரில் உள்ளதை 6,110 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் தீட்டப்பட்டது. அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து எடுக்கும் நிலம். 2023 செப்டம்பரில் நடைபெறவிருந்த பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைப்பு என்பது கைவிடல் ஆகாது. இத்தகைய கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான பக்கத்தில் ஆங்கில அறிக்கை வரும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அதன் சுருக்கம் மட்டும் தமிழில் வரும். கடலை இழப்பவனுக்குச் சுருக்கம், கடலை எடுப்பவனுக்கு முழு நூல்! இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்றோர் வழிவந்த இளைஞர்கள் இதை ஒப்பலாமா?

ஆகவே படிப்பகத் தோழர்கள் செய்ய வேண்டியது இது. எந்தத் துறைமுகத்துக்கு, எந்த ஆலைக்கு வடசென்னையில் கூட்டம் அறிவிக்கப்பட்டாலும், அறிக்கை முழுதும் தமிழில் வரும்வரை கூட்டம் கூடாது என்ற மனு முதல்நாளே போக வேண்டும். காட்டுப்பள்ளிக்கானது திருவள்ளூர் ஆட்சியருக்கு, எண்ணூருக்கானது சிங்காரவேலர் மாளிகைக்கு. கூட்டத்துக்குப் போகும்போது காட்டுக்குப்பத்துப் பெரியவரையும் இருளர் பெண்ணையும் முன்வரிசையில் அமர்த்துங்கள். நம் பகுதி மீன்காரம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். அன்று கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த நீரில் நேற்று ஒரு நாளைக்கு எத்தனை கிலோ இறால் கிடைத்தது, இன்று எத்தனை என்ற கணக்கு அறிக்கையில் எந்தப் பக்கத்தில் உள்ளது? எண்ணெய் சிந்தினால், மீன்பாடு பழைய நிலைக்குத் திரும்பும் நாள் வரை, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று குடும்பத்துக்குக் கொடுக்கும் பொறுப்பை எவன் ஏற்றுக் கையெழுத்திடுகிறான்? சாம்பல் குழாயில் ஓட்டை விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் மின்நிலையம் நிறுத்தப்படும்? மூன்றுக்கும் விடையை எழுத்தில் வாங்கிய பின்னரே நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள்.